ட்ரிக் ரூம் அணிக்கு ஆறாவதாக யாரைப் போடலாம்?

வணக்கம். வெள்ளவத்தைப் பக்கத்துப் பொடியன்மார் சேர்ந்து போக்கிமான் வயலட் வீடியோ கேமில் ஒரு சின்னப் போட்டி வைக்கிறோம். டபுள்ஸ் (இரண்டுக்கு இரண்டு சண்டை), லெவல் 50, ஆறு போக்கிமான் கொண்டுவந்து நாலை இறக்க வேண்டும். லெஜண்டரி (அபூர்வமான, பலம் கூடிய வகை) கூடாது.

என் அணியில் ஹாட்டரீன் என்ற போக்கிமான் ட்ரிக் ரூம் போட்டால், போடுகிற டர்னையும் சேர்த்து ஐந்து டர்னுக்கு மெதுவானது முந்தி அடிக்கும். அந்த நேரம் பார்த்து டோர்கோல் முழு எச்பியோடு (உயிர்ப் புள்ளி), தான் கொண்டுவருகிற வெயிலில் இரப்ஷன் என்ற நெருப்பு மூவை அடித்தால் எதிரே நிற்கிற இரண்டுமே கருகும். பெண் இண்டீடீ ஃபாலோ மீ போட்டு அடியைத் தன் பக்கம் இழுக்கும். டோன்ட் (தாக்காத மூவ்களைப் போடவிடாமல் தடுப்பது) பற்றிப் பெரிய பயமில்லை, ஹாட்டரீனின் மேஜிக் பவுன்ஸ் அதைத் திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் அமூங்கஸ், இன்சினரோர்.

இதில்தான் இடிக்கிறது. இண்டீடீ கொண்டுவருகிற சைக்கிக் டெரெய்ன் எதிராளியின் ஃபேக் அவுட்டை (முந்தி அடித்து அந்த டர்ன் அசையவிடாமல் செய்கிற மூவ்) தடுக்கிறது, சரி. ஆனால் தரையில் நிற்பவை மேல் என் இன்சினரோர் போடுகிற ஃபேக் அவுட்டும் வீண். இன்சினரோரை எடுத்துவிடவா? எதிராளியின் அட்டாக்கைக் குறைக்கிற அதன் இன்டிமிடேட்டை விட மனமில்லை.

மற்றது மழை. மழை கொண்டுவருகிற பெலிப்பரும் டோர்கோலும் ஒன்றாக இறங்கினால் மெதுவான டோர்கோலின் வெயில்தான் நிற்கும். கெட்டிக்காரன் பெலிப்பரைப் பிறகுதான் இறக்குவான். அதற்குப் பிறகு இரப்ஷன் பாதி பலம்தான்.

ஆறாவதாக உர்சலூனாவை யோசிக்கிறேன், கட்ஸும் ஃப்ளேம் ஆர்பும் வைத்து (ஆர்ப் தீக்காயம் தரும், கட்ஸ் அதை வைத்து அடியைக் கூட்டும்). இல்லை, ட்ரிக் ரூம் விழாத மேட்சுக்கு வேகமான ஒன்று நல்லதா? டோர்கோலுக்குப் புல் டெரா (சண்டைக்குள் அதன் வகையைப் புல்லாக மாற்றுவது) சரிவருமா? விளையாடிப் பார்த்த அண்ணாமார், அக்காமார் ஈவி (பயிற்சிப் புள்ளி) பிரிப்போடு சொன்னால் பெரிய உதவி.