ரேஞ்சில் தொடர்புப் பிழை: எந்த போர்டு பழுது?

நண்பர்களே, எங்கள் மின் ரேஞ்சில் (அடுப்பும் ஓவனும் ஒன்றாக உள்ள சாதனம்), திரையை இயக்கும் டிஸ்ப்ளே போர்டு என்ற மின்சுற்றுப் பலகைக்கும் மெயின் போர்டுக்கும் இடையே தொடர்பு அறுந்ததாகப் பிழைக் குறியீடு வருகிறது. ஓவன் நன்றாகச் சூடேறிய பிறகுதான் இந்தத் தொல்லை. ஆறிவிட்டால் தானாகச் சரியாகிறது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நடுவே ஓடும் வயர்களை மல்டிமீட்டரில் சோதித்தேன். எல்லாவற்றிலும் தொடர்ச்சி இருக்கிறது, அதாவது எந்த வயரும் அறுபடவில்லை. ஆனால் ஆறிய நிலையில் எடுத்த அளவை எப்படி நம்புவது? கனெக்டரில் ஒரு பின் கறுத்திருக்கிறது. என் சந்தேகம் அதன்மேல்தான். சூட்டில் விலகும் சால்டர் (போர்டில் உருக்கிப் பற்றவைத்த) இணைப்பாகவும் இருக்கலாம், டிஸ்ப்ளேவுக்கு வரும் டிசி மின்னழுத்தம் இறங்குவதாகவும் இருக்கலாம்.

பழுதுபார்ப்பவர் இரண்டு போர்டையும் மாற்றச் சொல்கிறார். நல்ல போர்டைத் தூக்கி எறிய எனக்குச் சம்மதமில்லை. பழுது எதில் என்று பிரித்தறிய எந்த இடத்தில், எந்த நிலையில், எப்படிப் பாதுகாப்பாக அளக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.