புதுப்பிப்பு: செல்போன் பறிப்பும் சி.எஸ்.ஆர். ரசீதும்

பழைய வண்ணாரப்பேட்டையில் அண்ணியின் செல்போனை பைக்கில் வந்தவர்கள் பறித்துச் சென்றதையும், காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிவாகிவிட்டது. செல்போன் வரவில்லை.

"தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கம்மா, சீக்கிரம் முடியும்" என்று நிலையத்தில் பரிவோடுதான் சொன்னார்கள். அந்தப் பரிவுதான் ஆபத்து. தொலைந்தது என்று எழுதினால் குற்றமே இல்லை, தேட ஆளும் இல்லை. பறிப்பு என்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. அண்ணி மசியவில்லை. "என் கையிலிருந்து பிடுங்கினார்கள்" என்ற வரியை அடிக்கோடிட்டு, புகாரைப் பதிவுத் தபாலில் காவல் துணை ஆணையருக்கு அனுப்பினார். ஒப்புகை அட்டை வந்த பிறகு நிலையத்திலிருந்தே அழைத்தார்கள்!

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவுதான், மேலதிகாரிக்குத் தபாலில் புகார் அனுப்பும் இந்த வழிக்கு ஆதாரம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது, எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். சில குற்றங்களில் மட்டும் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களில் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013-இலேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மேலதிகாரியும் அசையாவிட்டால்? அடுத்த வழி நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள்.