புதுப்பிப்பு: தாத்தாவின் ஃபெல்ட் தொப்பியில் இருந்த அந்துருண்டை வாடை போய்விட்டது

பழைய தொப்பியின் வாடையை எப்படிப் போக்குவது என்று இரண்டு மாதம் முன் இங்கே கேட்டிருந்தேன். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்த தாத்தாவின் கம்பளி ஃபெல்ட் தொப்பி டிரங்குப் பெட்டியிலேயே கிடந்து, பாச்சா உருண்டை வாடையும் மக்கல் வாடையும் ஏறியிருந்தது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் சமையல் சோடா. ஒரு வாரம் வைத்தும் பெரிய மாற்றமில்லை. ஒட்டிய தூளைப் பிரஷ்ஷால் தட்டி எடுப்பதே பெரும்பாடு. வேலூர் வெயிலில் காயவைக்க இருந்தேன். ராணிப்பேட்டையில் தோல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இங்கே பதிலில் தடுத்தார்: சாயம் வெளுக்கும், உள்பட்டை (தொப்பிக்குள் நெற்றியைச் சுற்றி வரும் பட்டை) தோல் வெடிக்கும் என்று. நல்லவேளை.

கைகொடுத்தது அவர் சொன்ன காற்றும் கரியும்தான். உருண்டை மருந்து உருகாமலே ஆவியாகிப் போகும், அதனால் காற்றோட்டம் முக்கியம். நிழலில், மின்விசிறிக்குக் கீழே, தொப்பியைக் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்து 10 நாள். அப்புறம் கொட்டாங்கச்சிக் கரியைத் துணியில் கட்டி, மூடிய வாளிக்குள் தொப்பியோடு 2 வாரம். உருண்டை வாடை போனது.

ஆனால் தலையில் வைத்தால் மக்கல் வாடை அப்படியே. உள்பட்டையை விரலால் வெளியே மடித்துப் பார்த்தேன். தொப்பி லூசாக இருந்திருக்கும் போல. செய்தித்தாளை நாலாக மடித்துச் செருகியிருக்கிறார் தாத்தா. தலை எண்ணெய் ஊறிப் பழுப்பேறி, ஓரமெல்லாம் கரும்புள்ளி. அதை எடுத்துவிட்டு, பட்டையை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினேன். மறுநாள் வாடையே இல்லை.

பழைய தொப்பி வைத்திருப்பவர்கள் முதலில் பட்டையை மடித்துப் பாருங்கள். அந்தக் காகிதத்தைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தாத்தா நெற்றியின் வளைவு அதில் அப்படியே இருக்கிறது.