யூத ஸ்பானியம்: ‘அழிமொழி’யா, ‘அருகிய மொழி’யா?

ம.செ.:
நண்பர்களே, ஸ்பெயின் யூதர் வழிவந்த லதீனோ, அதாவது யூத ஸ்பானியம், பற்றிய பாட அலகு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மொழிகள் எவ்வளவு அழியும் நிலையில் உள்ளன என்று யுனெஸ்கோ வகுத்த நிலைகளில் ஒன்றுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும். தாத்தா பாட்டி பேசுவார்கள். பெற்றோருக்குப் புரியும், பிள்ளைகளிடம் பேசமாட்டார்கள். யூத ஸ்பானியம் இந்த நிலையில்தான் இருக்கிறது. வரைவில் ‘கடும் அழிமொழி’ என்றிருக்கிறது. இதற்கும் கீழே ஒரு நிலை, அதற்கும் கீழே ‘மறைந்தது’. மூன்றும் குழம்பக்கூடாது.

க.வே.:
‘அழிமொழி’ வினைத்தொகை, காலம் கரந்த பெயரெச்சம். அழிந்த, அழிகின்ற, அழியும் என மூன்றாகவும் விரியும். நிலைகளைப் பிரிக்க வந்த சொல் காலத்தை மறைக்கலாமா? ‘எச்சமறு மொழி’ என்க. ‘எச்சத்தாற் காணப் படும்’ என்ற குறளில் எச்சம் என்பதற்கு நன்மக்கள் என்றே பரிமேலழகர் உரை. அறுந்தது தலைமுறைதானே. அத்துடன், ‘எசுப்பானியம்’ என்று எழுதுக. ‘வடவெழுத்து ஒரீஇ’ (வடவெழுத்தை நீக்கி) என்ற தொல்காப்பிய நெறி இதற்கும் பொருந்தும்.

தே.:
ஐயா, ‘அறு மொழி’யும் வினைத்தொகைதான், ஆறு மொழி என்றும் படிப்பார்கள். எச்சம் என்றதும் மாணவருக்கு வினையெச்சம்தான் நினைவுக்கு வரும். மேலும், இஸ்தான்புல்லில் 2005-இல் ‘எல் அமானெசெர்’ என்ற லதீனோ மாத இதழ் தொடங்கியது. எச்சம் அறவில்லை. ‘அருகிய வழக்கு’ நம் அகராதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அருகிவரும், மிக அருகிய, அற்றுப்போகும், மறைந்த என்று வரிசை வைத்தால் ஆசிரியர் விளக்கவே வேண்டாம்.

க.வே.:
அருகு என்றால் பக்கம் என்றும் பொருள். புரியும் என்பதற்காக மங்கலான சொல்லை ஏற்பதா? லதீனோ பேசிய யூதர்களைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எசுப்பானியர் சொல்லும் ‘தொமிங்கோ’ ஆண்டவரின் நாள் என்று கிறித்தவப் பொருள் தருவதால், அரபுவழி வந்த ‘அல்ஹாத்’ என்றே வழங்கினர். கடவுளைக் குறிக்கும் ‘தியோஸ்’ என்பதன் ஈற்று ஸகரம் பன்மைபோல் ஒலிக்கும். கடவுள் ஒருவரே என்று ‘எல் தியோ’ என்றனர். ஒரு சொல்லுக்கு அவ்வளவு கவலை!

இ.ரா.:
இருவரும் தன்வினையிலேயே நிற்கிறீர்கள். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டபோது இம்மொழி அழியவில்லை. ஒட்டோமான் பேரரசின் நகரங்களில் ராஷி என்ற எபிரேய எழுத்து வடிவில் அச்சேறி வளர்ந்தது. 1860-இல் பாரிஸில் உருவான அலையன்ஸ் என்ற யூத அமைப்பின் பள்ளிகள் பிரெஞ்சை மேலாக்கின. 1928-இல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியதும் பாட்டனின் நூலைப் பேரனால் படிக்க முடியாமல் போனது. 1943-இல் கிரேக்க நகரமான சலோனிக்காவிலிருந்து மட்டும் 40,000-க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். பேசியவர்களைக் கொன்றுவிட்டு மொழி ‘அருகியது’ என்பதா? பிறவினை வேண்டும். ‘அழிக்கப்பட்டுவரும்’ நீளம்தான், இருக்கட்டும்.

தே.:
யுனெஸ்கோ நிலை காரணத்தைச் சொல்வதில்லை, இ.ரா. எந்தத் தலைமுறை பேசுகிறது என்பதுதான் அளவுகோல். நகரத்துக்குப் போய்ப் பேச்சை விட்டவர்களின் மொழிக்கும் இதே சொல்தான் வரும்.

ம.செ.:
குழுவின் வாக்கு: ஐவர் ‘மிக அருகிய மொழி’, இருவர் ‘எச்சமறு மொழி’. முதலாவதை அனுப்புகிறேன். ‘ஸ்பானியம்’ அப்படியே. இ.ரா. தந்த ஆண்டுகள் அடுத்த பத்தியில் வரும்.

இ.ரா.:
கலைச்சொல் பட்டியலை மட்டும் தனியே படியெடுப்பார்கள், அம்மா. அந்தப் பத்தி கூடப் போகாது. என் மறுப்பைப் பதிந்துவையுங்கள்.