பல ஊர்களுக்கும் சேர்த்து மொத்தத் தூரம் மிகக் குறையும் இடத்தைக் கண்டறிவது எப்படி?

பாலையூற்றுவாசி:
வணக்கம். நிலாவெளி, திருகோணமலை நகர், கிண்ணியா, மூதூர், சம்பூர் ஆகிய ஐந்து இடங்களிலிருந்து வரும் எருமைப்பாலுக்குப் பொதுவான சேகரிப்பு நிலையம் ஒன்றை அமைக்க இடம் தேடுகிறோம். ஒவ்வோர் ஊரின் பாலும் தனி வண்டியில் வந்து இறங்கும் என்பதால், எல்லா வண்டிகளும் ஓடும் மொத்தத் தூரம் இயன்றவரை குறைய வேண்டும். ஊர்களின் அகலாங்கு, நெட்டாங்குகளை எக்செலில் இட்டுச் சராசரி எடுத்தேன். கிடைத்த புள்ளி கொட்டியாரக் குடாவின் நடுவே நீரில் விழுகிறது. அதற்கு அண்மையிலுள்ள கரையைத் தெரிவு செய்தால் போதுமா, அல்லது முறையே வேறா?

உவர்மலையான்:
முறையே வேறு. சராசரிப் புள்ளி, தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகையை மிகக் குறைப்பது. தூரங்களின் தொகையை அது குறைப்பதில்லை. ஒரே நேர்வீதியில் 0, 2, 4, 6, 38 ஆவது கிலோமீற்றர்களில் ஐந்து ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரியான 10 ஆவது கிலோமீற்றரில் நிலையத்தை வைத்தால் மொத்தத் தூரம் 56 கிலோமீற்றர். இடையமான 4 இல், அதாவது வரிசையில் நடுவே வரும் ஊரில், வைத்தால் 42 மட்டுமே. கடைசி ஊர் 38 இலிருந்து 80 க்கு நகர்ந்தாலும் இடையம் அசையாது, சராசரியோ அதன் பின்னால் இழுபட்டுப் போகும்.

ஒரே கோட்டில் அமையாமல் வரைபடத்தில் பரந்து கிடக்கும் புள்ளிகளுக்கு இதற்கு இணையானதைக் கேத்திரகணித இடையம் என்பர். மூன்று புள்ளிகளுக்கான வடிவத்தைக் கணிதவியலாளர் பெர்மா 17 ஆம் நூற்றாண்டிலேயே வினாவாக எழுப்பினார், டொரிசெல்லி விடை கண்டார். பொதுவாகப் பல புள்ளிகளுக்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. 1937 இல் கணிதவியலாளர் வைஸ்ஃபெல்ட் வெளியிட்ட படிமுறை எக்செலுக்கே போதும்: சராசரிப் புள்ளியில் தொடங்கி, ஒவ்வோர் ஊருக்கும் தூரத்தின் தலைகீழை (1 ÷ தூரம்) நிறையாக, அதாவது அந்த ஊருக்குரிய பெருக்கு எண்ணாக, கொடுத்து நிறையிட்ட சராசரியை மீண்டும் கணியுங்கள், புள்ளி அசையாமல் நிற்கும்வரை இதையே தொடருங்கள். பாலின் அளவும் முக்கியமென்றால் அந்த நிறையை லீற்றரால் பெருக்குங்கள். இடையில் புள்ளி ஏதேனும் ஓர் ஊரின் மேலேயே விழுந்தால் பூச்சியத்தால் வகுக்க நேரிடும், அதை மட்டும் கவனியுங்கள். பூமியின் உருண்டை வடிவைப் பற்றிக் கவலை வேண்டாம்: நம் பகுதியில் ஒரு பாகை அகலாங்கும் ஒரு பாகை நெட்டாங்கும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒவ்வொன்றும் 110 கிலோமீற்றர் அளவில்.

வரைபடப்பித்தன்:
கணிதத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த ஊர்களுக்கு நேர்கோட்டுத் தூரத்தை வைத்துக் கணிப்பது பயன் தராது. நகருக்கும் மூதூருக்கும் இடையே நேர்கோடு குடாவைக் கடக்கிறது, வண்டியோ சீனக்குடா, வெள்ளைமணல் வழியே வந்து, 2009 இல் திறக்கப்பட்ட பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்குள் புகுந்துதான் மூதூர் போக வேண்டும். பால் கேன்களைப் படகில் ஏற்றப் போவதில்லையென்றால் வீதித் தூரத்தையே எடுங்கள்.

வீதித் தூரத்துக்கு மாறினால் வேலை கூடாது, குறையும். 1964 இல் ஹக்கிமி என்ற ஆய்வாளர் நிறுவிய முடிவின்படி, வீதி வலையமைப்பில் மொத்தத் தூரம் மிகக் குறையும் இடம் ஏதேனும் ஓர் ஊரிலோ சந்தியிலோ நிச்சயம் கிடைக்கும். இரு சந்திகளுக்கு இடைப்பட்ட வீதியில் நிற்கும் ஒருவர் எந்த ஊருக்கும் இடப்பக்கச் சந்தி வழியாகவோ வலப்பக்கச் சந்தி வழியாகவோதான் போக முடியும். இவற்றுள் குறுகியதை எடுத்தால், அத்தூரம் வீதி நெடுகிலும் மேல்நோக்கிப் புடைத்த வரைபாகவே அமையும், அல்லது ஒரே சீராக ஏறும் அல்லது இறங்கும். அத்தகைய வரைபுகளைக் கூட்டினாலும் நடுவில் பள்ளம் விழாது, ஆகவே மிகக் குறைந்த பெறுமதி ஒரு முனையில்தான். எனவே ஊர்களையும் முக்கிய சந்திகளையும் ஓர் அட்டவணையில் எழுதி, கூகுள் வரைபடத்தில் வீதித் தூரங்களை எடுத்து நிரப்பி, நிறையிட்டுக் கூட்டுங்கள். மிகச் சிறிய கூட்டுத்தொகை எந்த இடத்துக்கோ அதுவே விடை.

பாலையூற்றுவாசி:
இருவருக்கும் நன்றி. நிறை பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன்: பாலில் பாதிக்கு மேல் கிண்ணியாவிலிருந்தே வருகிறது.

உவர்மலையான்:
அதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் பதில் பாதியாகச் சுருங்கியிருக்கும். ஓர் ஊரின் நிறை மற்ற எல்லா ஊர்களின் கூட்டு நிறையைவிட அதிகமானால், ஏனைய ஊர்கள் எங்கிருந்தாலும் அந்த ஊரே விடை. நிலையத்தைக் கிண்ணியாவிலிருந்து எந்தத் திசையிலாவது ஒரு கிலோமீற்றர் நகர்த்திப் பாருங்கள்: கிண்ணியாப் பாலுக்கு முழு ஒரு கிலோமீற்றர் கூடுகிறது, மற்றவற்றுக்கு அதிகபட்சமாக ஒரு கிலோமீற்றர்தான் குறைய முடியும், அவற்றின் நிறையோ பாதிக்கும் குறைவு. ஆகவே நட்டந்தான். நேர்கோட்டுத் தூரத்துக்கும் வீதித் தூரத்துக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும், அட்டவணை கூடத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் உறுதிப்படுத்துங்கள். நீங்கள் குறைக்க விரும்புவது வண்டி ஓடும் தூரமாயின், நிறையாகக் கொள்ள வேண்டியது லீற்றரன்று, ஒரு நாளில் வரும் வண்டித் தடவைகள். கிண்ணியாவின் பால் முழுவதையும் ஒரே லொறி ஒரே தடவையில் ஏற்றி வருமானால் அதன் நிறை, சம்பூரிலிருந்து வரும் சிறிய வண்டியின் நிறைக்குச் சமம். அப்போது வரைபடப்பித்தன் சொன்ன அட்டவணையைத்தான் போட வேண்டும்.