பிராசசர் மாற்றிய பிறகு திரையில் எதுவும் வரவில்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது: உதவி தேவை

கும்பகோணம்_டிடிபி:

வணக்கம் நண்பர்களே. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கும் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டர் 2019-ல் அசெம்பிள் செய்தது. பி450 மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி, 8+8 ஜிபி ராம், 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 ஹோம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டிலேயே செருகியிருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் 2200ஜி இல்லை. போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்று கடையில் சொன்னதால் ரைசன் 5 5600 வாங்கிப் போட்டேன்.

இப்போது பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன. மானிட்டரில் 'நோ சிக்னல்'. கீபோர்டு விளக்கு எரியவில்லை. போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்) என்று எழுதியிருக்கும் இடத்தில் சின்ன சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. ராமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், சீமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பலன் இல்லை. விற்ற கடையில் கேட்டால் "போர்டு போயிருக்கும், புதுசு போட்டுவிடலாம்" என்கிறார்கள். ஆவணி முகூர்த்த வேலை முழுவதும் அந்த எஸ்எஸ்டியில் இருக்கிறது. என்ன செய்வது?

மின்சாரக்கனவு:

சகோ, எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றிப் பாருங்கள். 4 கோர் பிராசசருக்குப் போட்ட பழைய எஸ்எம்பிஎஸ், 6 கோருக்குத் தாங்காது. எனக்கும் இப்படித்தான் ஃபேன் மட்டும் சுற்றியது.

பட்டறை_அண்ணன்:

எஸ்எம்பிஎஸ் இல்லை. 2200ஜி, 5600 இரண்டுக்கும் கம்பெனி குறிப்பிடும் வெப்ப அளவு (TDP) 65 வாட்ஸ்தான். கிராபிக்ஸ் கார்டும் இல்லாத மெஷினுக்கு 450 வாட்ஸ் தாராளம். கடைசியாக எதை மாற்றினோமோ அதிலிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும்.

தம்பி, எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். போர்டு போய்விட்டது என்று சொல்ல இதுவரை ஓர் ஆதாரமும் இல்லை. பி450 போர்டு 2018-ல் வந்தது. 5600 வந்தது 2022 ஏப்ரலில். 2019-ல் வாங்கிய போர்டின் பயாஸுக்கு (மெஷினைக் கிளப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அந்த பிராசசர் இன்னதென்றே தெரியாது. சாக்கெட் ஒன்றுதான் என்பதால் பிராசசர் உள்ளே உட்கார்ந்துவிடும், ஆனால் போர்டு அதைக் கிளப்பாது. நீங்கள் சொல்லும் சிவப்பு விளக்கும் அதைத்தான் காட்டுகிறது.

பழைய 2200ஜி கையில் இருக்கிறதா? அதைத் திருப்பிப் போடுங்கள். மெஷின் கிளம்பினால் போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி நான்கும் நன்றாக இருக்கின்றன என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடும்.

கழற்றும்போது கவனம். ஏஎம்4 சாக்கெட்டுக்கான இந்த பிராசசரில் 1331 பின்கள், எல்லாம் பிராசசரின் அடியில் இருக்கின்றன. கூலருக்கு அடியில் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது பூட்டிய லீவரையும் மீறி பிராசசர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, ஒட்டு விட்ட பிறகு தூக்குங்கள். போடும்போது மூலையில் உள்ள தங்க முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். பிராசசர் தானாக விழுந்து உட்கார வேண்டும். விரலால் அழுத்தவே கூடாது.

கும்பகோணம்_டிடிபி:

அண்ணா, பழையதைப் போட்டேன். உடனே திரை வந்துவிட்டது, ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன! மனசு கொஞ்சம் லேசானது. ரன் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' அடித்துப் பார்த்தேன், பயாஸ் தேதி 2019 என்று காட்டுகிறது. இனி அப்டேட் செய்யலாமா?

பட்டறை_அண்ணன்:

செய்யலாம். முதலில் வேலை ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுங்கள். பயாஸ் அப்டேட் எஸ்எஸ்டியைத் தொடாது. ஆனாலும் வாடிக்கையாளர் வேலையை வைத்துக்கொண்டு காப்பி இல்லாமல் இறங்கக் கூடாது.

அப்புறம் போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்துக்குப் போய், ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலில் 5600-க்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுவோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் இருந்தால் பயாஸும் வேறு. மிகப் பழைய பயாஸிலிருந்து நேராகத் தாவக் கூடாது, இடையில் ஒரு பதிப்பு போட வேண்டும் என்று சில போர்டுகளுக்குக் குறிப்பு இருக்கும். அதைத் தவறாமல் படியுங்கள், அவசரப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஃபைலை ஃபேட்32-வில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் வைத்து, பயாஸுக்கு உள்ளேயே இருக்கும் அப்டேட் வசதி வழியாகப் போடுங்கள், விண்டோஸிலிருந்து வேண்டாம். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு உண்மையிலேயே முடங்கிவிடும். மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

நெல்லை_ஹார்டுவேர்:

அண்ணன் சொல்வது சரி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: சில போர்டுகளில் பின்பக்கம் 'ஃப்ளாஷ் பயாஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அது இருந்தால் பழைய பிராசசர் இல்லாமலே பென் டிரைவில் இருந்து அப்டேட் செய்யலாம். எல்லா பி450-யிலும் கிடையாது.

கும்பகோணம்_டிடிபி:

பயாஸ் அப்டேட் நல்லபடியாக முடிந்தது. 2200ஜி-யில் புது பயாஸ் தேதி காட்டியது. அப்புறம் 5600-ஐப் போட்டேன். மறுபடியும் அதே 'நோ சிக்னல்'! ஆறு வருஷம் உழைத்த மெஷின், இப்படிச் செய்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. ஒருவேளை புது பிராசசரே பழுதா அண்ணா?

பட்டறை_அண்ணன்:

சிவப்பு விளக்கு இப்போது எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எரிகிறது? கீபோர்டு விளக்கு?

கும்பகோணம்_டிடிபி:

விஜிஏ என்ற இடத்தில் எரிகிறது. கீபோர்டு விளக்கு வருகிறது, நம்லாக் அழுத்தினால் மாறுகிறது.

பட்டறை_அண்ணன்:

அப்படியானால் மெஷின் பாதித் தூரம் வந்துவிட்டது. மானிட்டரைப் பார்த்தால் அதே கறுப்புத் திரைதான், ஆனால் கோளாறு வேறு. சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று அந்த விளக்குகள் வரிசையாகப் போகும். சிபியு தாண்டிவிட்டது, ராம் தாண்டிவிட்டது, படம் காட்டும் இடத்தில் நிற்கிறது. புது பிராசசர் வேலை செய்கிறது.

2200ஜி-யில் அந்த 'ஜி' எழுத்துதான் கிராபிக்ஸ். வேகா 8 கிராபிக்ஸ் அந்த பிராசசருக்குள்ளேயே இருந்தது, அதனால்தான் போர்டின் எச்டிஎம்ஐ வேலை செய்தது. 5600-ல் கிராபிக்ஸே கிடையாது. அந்த எச்டிஎம்ஐ துளை இனி வெறும் துளைதான். இதை விற்கும்போதே கடையில் கேட்டிருக்க வேண்டும்: "தனி கார்டு இருக்கிறதா?" என்று ஒரே கேள்வி. கேட்காமல் விற்றுவிட்டு, போர்டு போய்விட்டது என்று சொல்வது எனக்குக் கோபம் வருகிற விஷயம். இன்டெலில் எஃப் எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் இல்லை, இல்லாவிட்டால் பெரும்பாலும் உண்டு. ஏஎம்4 ரைசனில் நேர் மாறு, ஜி இருந்தால்தான் உண்டு. அந்தக் குழப்பத்தில் நிறையப் பேர் இப்படி நிற்கிறார்கள்.

அக்கம்பக்கத்தில் யாரிடமாவது ஒரு கிராபிக்ஸ் கார்டு இரவல் வாங்கிப் போட்டு, கேபிளைக் கார்டில் செருகிப் பாருங்கள்.

கும்பகோணம்_டிடிபி:

அடுத்த தெரு போட்டோ ஸ்டுடியோவில் ஜிடி 1030 ஒன்று கொடுத்தார்கள். திரை வந்துவிட்டது அண்ணா! ஆனால் விண்டோஸுக்குப் போகாமல் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை: புது சிபியு பொருத்தப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் மாறிவிட்டது, ஒய் அழுத்தினால் அழித்துப் புதிதாக்கும், பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது என்று இருக்கிறது. 'அழிக்கும்' என்பதைப் பார்த்ததும் கை வைக்கவில்லை.

பட்டறை_அண்ணன்:

கை வைக்காமல் கேட்டது நல்லது. அழிவது உங்கள் ஃபைல்கள் இல்லை. எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பெட்டகத்தில் பழைய பிராசசரோடு சேர்ந்திருந்த சாவிகள் மட்டும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு வசதி டிஸ்க்கைப் பூட்டியிருந்தால்தான் சிக்கல், அப்போது 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்துகிறவர்களுக்கு அது பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமித்திருக்கும். உங்களுடையது விண்டோஸ் 10 ஹோம், பழைய அசெம்பிள் மெஷின், பூட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் ஊகத்தை நம்ப வேண்டாம். 'என்' (N) எழுத்தை அழுத்தினால் எதையும் அழிக்காமல் மேலே போகும். முதலில் அதை அழுத்தி, விண்டோஸுக்குள் போய், 'திஸ் பிசி'யில் சி, டி டிரைவ் படங்களில் பூட்டு அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்து ஒய் கொடுங்கள்.

கும்பகோணம்_டிடிபி:

பூட்டு அடையாளம் இல்லை. ஒய் கொடுத்தேன், விண்டோஸ் திறந்துவிட்டது. பெரிய பத்திரிகை ஃபைல் திறக்கிற வேகமே வேறு. ரொம்ப நன்றி அண்ணா, எல்லோருக்கும் நன்றி. கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புதுசாக ஒரு கார்டு வாங்குவதா, பிராசசரை மாற்றித் தரச் சொல்வதா?

பட்டறை_அண்ணன்:

டிடிபி வேலைதான் என்றால் கடையில் பேசி 5600ஜி-யாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதுவும் 6 கோர், 12 திரெட், 65 வாட்ஸ்தான். உள்ளே கிராபிக்ஸ் இருக்கிறது, இப்போது இருக்கும் எச்டிஎம்ஐ துளையே போதும். கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, கேம் ஆடுகிறவர்களுக்கு அது உறைக்கும், பத்திரிகை வேலையில் பெரிதாகத் தெரியாது. பட்டியலில் 5600ஜி-க்கு எந்த பயாஸ் என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றித் தர மறுத்தால் ஜிடி 1030 போல ஒரு சின்ன கார்டு போதும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர்கூட வேண்டாம். விலை குறைவு என்று ஜிடி 710 வாங்காதீர்கள், அதற்குப் புது டிரைவர் வருவது நின்றுவிட்டது.

விண்டோஸ் 11 இப்போது வேண்டாம். முகூர்த்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, இன்னொரு காப்பி எடுத்துவிட்டுப் போடலாம். அதுவரை 2200ஜி-யை விற்காமல், பின்கள் படாதபடி அதன் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருங்கள்.