பொருள்: ரிப்போர்ட்டிங், நோட்டிஃபிகேஷன் – இரண்டுக்கும் இரு சொற்கள் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, சர்வதேச சுகாதார விதிமுறைகள் (2005) பற்றி மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் வரைவில் இரண்டுக்குமே ‘அறிவிப்பு’ என்று இருக்கிறது. விதிகளில் இவை வேறு வேறு. ஓர் ஊரில் வழக்கத்துக்கு மீறி நோயோ சாவோ கூடினால் உடனே மேல்மட்டத்துக்குச் சொல்வது ரிப்போர்ட்டிங். நாடு தன் மதிப்பீட்டை முடித்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்வது நோட்டிஃபிகேஷன். ஒரே சொல்லைப் போட்டால், அந்த 24 மணி நேரம் தனக்கும் உண்டு என்று மாவட்ட அலுவலர் நினைத்துவிடுவார்.

தமிழாசிரியர்:
ரிப்போர்ட்டிங்குக்குத் தெரிவிக்கை, நோட்டிஃபிகேஷனுக்கு அறிவிக்கை. இரண்டும் பிறவினையடியாகப் பிறந்தவை. தெரிதலுக்கு ஆராய்ந்து தேர்தல் என்ற பழம்பொருள் உண்டு. ‘தெரிவு’ இன்றும் அப்படித்தான் வழங்குகிறது. பலவற்றுள் ஐயத்துக்குரியதைத் தேர்ந்து சொல்வதுதானே ஊர்மட்டப் பணி?

மாவட்ட மருத்துவர்:
ஐயா, ‘தெரிவி’ ஆனதும் அந்தப் பொருள் போய்விடுகிறதே. அது நல்லதும்கூட. 2005 திருத்தத்துக்கு முன் காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் மூன்றை மட்டும்தான் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்வது கட்டாயம். இப்போது காரணம் புரியாத நிகழ்வும் கணக்கில் வரும். உலகுக்குச் சொல்லத்தக்கதா என்று விதிகளின் இரண்டாம் இணைப்பை வைத்து எடைபோடுவது தேசிய மட்டத்தின் வேலை. அதற்கு 48 மணி நேரம் உண்டு. கிராமச் செவிலியரைத் தேர்ந்து சொல்லச் சொன்னால், ஆய்வக முடிவு வரட்டும் என்று காத்திருப்பார். ‘ரிப்போர்ட்’ என்றே விடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

இயற்பியல் ஆசிரியர்:
‘உடன்தெரிவிப்பு’? அவசரம் சொல்லிலேயே வந்துவிடும். கூடவே, வரைவில் ஃபோகல் பாயிண்டுக்கு, அதாவது உலக சுகாதார நிறுவனத்தோடு தொடர்புகொள்ளும் தேசிய அலுவலகத்துக்கு, ‘குவியம்’ என்று பார்த்தேன். அது வில்லைக்கு உரியது. ‘தொடர்பு மையம்’ போதும்.

தமிழாசிரியர்:
உடன்பிறப்பில் உள்ள ‘உடன்’ சேர்ந்து என்ற பொருள் தருவது. சேர்ந்து தெரிவிப்பதாக ஆகிவிடும். ‘ரிப்போர்ட்’ எனக்கு உடன்பாடில்லை. புரியவில்லை என்று ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொண்டே போனால் கையேட்டில் வேற்றுமை உருபு மட்டும்தான் தமிழாக மிஞ்சும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. தெரிவித்தல், அறிவிக்கை, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ரிப்போர்ட்’. தொடர்பு மையம் ஏற்பு. ‘உடனே தெரிவிக்கவும், ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்’ என்ற வரி தடித்த எழுத்தில் போகும்.

மாவட்ட மருத்துவர்:
அந்த வரிக்கு நன்றி. ஆனால் ‘அறிவிக்கை’ என்றால் எங்கள் அலுவலகத்தில் அரசிதழ்தான் நினைவுக்கு வரும். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.